நம்பர் போட்ட மரங்கள்

போன இதழில், எங்கள் ஊர் விலக்கில் (பெரிய சாலையிலிருந்து ஊருக்குப் பிரிகிற இடம்) நின்ற வேப்பமரத்தைச் சாலை அகலப்படுத்துவதற்காக வெட்டியதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லும்போது போகிற போக்கில் எழுதியது. அதற்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப் செய்தியும் இருக்கிறதே, விலைவாசியைப் பற்றி எழுதியபோதுகூட இவ்வளவு வரவில்லை. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள். சரி, இந்த முறை மற்ற கேள்விகளை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு மரக் கேள்விகள் மட்டும். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (ராமநாதபுரம்): ஒரு வேப்பமரம் போனதுக்கு இவ்வளவு புலம்பலாண்ணே? எங்க அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து மதுரைக்கு ஆம்புலன்ஸ்ல போனப்ப பரமக்குடி வரைக்கும் லாரிக்குப் பின்னாடியே ஊர்ந்து போனோம். மரம் மரம்னு பேசுறவங்க அந்த வண்டியில ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கணும்.

பதில்: உட்கார்ந்திருக்கிறேன் தம்பி. என் மாமனாரைக் கூட்டிக்கொண்டு ராத்திரி இரண்டு மணிக்கு அதே சாலையில் போனவன்தான் நானும். ராமநாதபுரத்தில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது என்றாலும் பெரிய வைத்தியம் என்றால் நம் ஆட்கள் இன்னும் மதுரைப் பக்கம்தான் ஓடுகிறோம். பரமக்குடி முதல் ராமநாதபுரம் வரை 46.7 கிலோமீட்டரை நான்கு வழியாக்க 1,853 கோடி ரூபாய்க்கு 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் உண்டு. சாலை வேண்டாம் என்று நான் எழுதவே இல்லை, போன இதழை எடுத்துப் பாருங்கள்.

என் கோபம் வேறு. அந்த வேம்பு நின்ற இடத்துக்கு ஏழடி முன்னாலேயே தார் முடிந்துவிடுகிறது. மரம் நின்ற அதே இடத்தில் இப்போது என்ன இருக்கிறது தெரியுமா? தகரக் கூரை போட்ட நிழற்குடை! காலை பத்து மணிக்கு மேல் அதற்குள் உட்கார முடியாது, தகரம் காய்ந்து உச்சந்தலையில் இறங்குகிறது. அதனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற சனம் முழுவதும் எதிர்ப்பக்க டீக்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே நின்றுவிட்டு, பஸ் வந்ததும் சாலையைக் குறுக்கே கடந்து ஓடுகிறது. மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிற அம்மாக்களைப் பார்த்தால் எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது. மரத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றி ஒரு திண்டு கட்டியிருந்தால் செலவும் குறைவு, யாரும் ஓடவும் வேண்டாம். இதை யோசிக்க ஒரு ஆள் இல்லாமல் போனதுதான் என் புலம்பல். உங்கள் ஆம்புலன்ஸுக்கும் அந்த வேம்புக்கும் சண்டையே கிடையாது.

கேள்வி (தொண்டி): எங்க ஊர் ரோட்டுல மரங்களுக்கு வெள்ளை பெயிண்ட்ல நம்பர் போட்டிருக்காங்க. இனிமே ஏதாவது செய்ய முடியுமா, இல்ல விட்டுடலாமா?

பதில்: வெட்டுவதற்கு அடையாளமாக நம்பர் விழுந்துவிட்டால் பாதிக் கதை முடிந்தது என்றுதான் சொல்வார்கள். மீதிப் பாதி இருக்கிறது. பொது இடத்து மரங்களை வெட்டுவதைப் பார்த்துக்கொள்ள 2021இல் தமிழக அரசு மாவட்டந்தோறும் பசுமைக் குழு அமைத்தது. அதற்குத் தலைவர் ஆட்சியர். ஆகவே மனுவைச் சாலைக் காண்ட்ராக்டரிடமோ மரம் அறுக்க வந்தவரிடமோ நீட்டாமல் (அவர் கூலிக்கு வந்தவர், அவரிடம் சண்டை போடுவது பாவம்) நேராக ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுத்தால் நம்பரோடு பதிவாகும். மரத்துக்கு ஒரு நம்பர் என்றால் மனுவுக்கும் ஒரு நம்பர் இருக்கட்டும்.

மனுவில் "மரத்தைக் காப்பாற்றுங்கள்" என்று மட்டும் எழுதினால் அது கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். எந்த நம்பர் மரம் தார் விழப்போகிற இடத்தில் நிற்கிறது, எது ஓரத்தில் நிற்கிறது என்று டேப் பிடித்து அளந்து எழுதுங்கள். நாலு பேர் சேர்ந்தால் ஒரு காலை நேரத்து வேலை. நாற்பது மரத்தில் பத்து மரமாவது சும்மா ஒரு வரிசைக்காக நம்பர் வாங்கியிருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். அந்தப் பத்தைக் கேளுங்கள், கொடுக்க வாய்ப்பிருக்கிறது. நாற்பதையும் கேட்டால் ஒன்றும் கிடைக்காது.

அப்புறம் அந்த "ஒன்றுக்குப் பத்து" கணக்கு. ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று நட வேண்டும் என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன, எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எங்கே நடப்போகிறீர்கள், என்ன கன்று, முதல் இரண்டு கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? இந்த மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டிக் கேளுங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையோடு சரி. மார்கழியில் நட்டுப் படம் எடுத்துவிட்டுப் போன கன்று பங்குனியில் குச்சியாக நிற்கும். நான்குவழிச் சாலை என்றால் நடுவில் அரளியை வரிசையாக வைத்துவிட்டு அதையும் பசுமைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அரளி பூக்கும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதன் நிழலில் ஒரு ஆட்டுக்குட்டி ஒதுங்க முடியுமா?

கேள்வி (பட்டணம்காத்தான்): நாங்க மனை வாங்கினப்ப பிளான்ல பார்க்னு பச்சை கலர்ல காட்டினாங்க. இப்போ அந்த இடத்துல கல்லு ஊன்றி மனை போடுறாங்க. கேட்டா "அது கம்பெனி இடம்"னு சொல்றாங்க சார்.

பதில்: இது மரத்தைவிடப் பெரிய விஷயம், வெட்டுகிற சத்தமே கேட்காது என்பதால் யாரும் கவனிப்பதில்லை.

மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், சாலைகளைக் கழித்துவிட்டு மீதியில் 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு, அதாவது பூங்கா, விளையாட்டிடம் என்று ஒதுக்க வேண்டும் (10,000 சதுர மீட்டர் வரை இடத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு). 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இது இருக்கிறது. ஒதுக்குவது என்றால் பச்சை மையில் வரைவது இல்லை, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிய வேண்டும். எழுதிக் கொடுத்தபின் அது கம்பெனி இடம் கிடையாது.

ஆகவே முதலில் டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அப்ரூவல் ஆன வரைபடத்தின் நகலை வாங்குங்கள். விற்பனைக்காக அச்சடித்த வண்ண நோட்டீஸ் செல்லாது. வரைபடத்தில் பூங்கா இருந்தால் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் உங்கள் ஊராட்சிதான் உரிமையாளர், அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். பதிவாகவில்லை என்றால் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கு எழுதுங்கள். அப்ரூவலே இல்லாத மனை என்றால்... உங்களுக்கு அந்தப் பூங்கா எப்போதுமே இருந்ததில்லை, படத்தில் மட்டும்தான் இருந்தது. கஷ்டமாகத்தான் இருக்கிறது சொல்ல.

இன்னொன்று, நேராகச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். நீங்கள் மனை வாங்கி எத்தனை வருஷம் ஆகிறது? அந்தப் பூங்கா இடத்தில் இதுவரை யாராவது ஒரு வேம்புக் கன்று வைத்தார்களா? முள்ளும் பாட்டிலும் கிடக்கிற இடத்தைத்தான் முதலில் கல் ஊன்றப் பார்ப்பார்கள். நாலு மரமும் ஒரு சிமெண்ட் பெஞ்சும் சாயங்காலம் பத்துப் பிள்ளைகளும் இருக்கிற இடத்தில் கல்லோடு வருகிறவன் கொஞ்சம் யோசிப்பான்.

கேள்வி (கீழக்கரை): மரம் ஒன்று எத்தனை பேருக்கு ஆக்சிஜன் தரும்?

பதில்: லாத்தா, வாட்ஸ்அப்பில் வருகிற அந்தக் கணக்கை நம்பாதீர்கள், ஒவ்வொரு மாதமும் எண் மாறுகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு மரத்தடியில் ஒரு தரம், பக்கத்துத் தார்ச்சாலையில் ஒரு தரம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள். அது மாறவே மாறாத கணக்கு.

கேள்வி (சாயல்குடி): மரத்தை வெட்டக்கூடாதுன்னா வேலிக்கருவையையும் வெட்டக்கூடாதா? எங்க ஊர் கண்மாய் பூரா அதுதான் நிக்குது.

பதில்: வெட்டுங்கள். ஆனால் எப்படி, அப்புறம் என்ன என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள்.

வேலிக்கருவை என்கிற சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு, விறகுக்காக வந்து நம் கண்மாயையே பிடித்துக்கொண்டது. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவை வைத்து ஊர் ஊராக ஜேசிபி ஓடியதும், அதே வருஷம் அந்த வேலைக்குத் தடை வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். 2022இல் அந்நிய தாவரங்களுக்கென்றே மாநில அரசு ஒரு கொள்கையும் வெளியிட்டது. எல்லாம் சரி. முதுகுளத்தூர், கமுதி பக்கம் மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கிற குடும்பங்கள் எத்தனை என்று நமக்குத் தெரியும். மழை பொய்த்த வருஷத்தில் கடன்காரனுக்குப் பதில் சொன்னது நெல்லும் மிளகாயும் இல்லை, கருவைதான். அதை வெட்டச் சொல்கிறவர் அந்த வீட்டுக்கு வேறு வழியும் சொல்ல வேண்டும்.

எனக்கு இன்னொரு பயம் இருக்கிறது. கருவை அகற்றுகிறோம் என்று இறங்குகிற ஜேசிபிக்கு எது சீமை, எது நாட்டுக் கருவை, எது உடை என்று தெரியாது. குடை விரித்த மாதிரி நிற்கிற உடைமரம் நம் கடற்கரைக்கே உரியது, ராமேசுவரம் தீவில் போய்ப் பார்த்தால் தெரியும், ஆடு அதன் நெற்றைத் தின்றுதான் கோடையைத் தாண்டுகிறது. காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயத்தில் நாரைகள் அடைவது கருவேல மரங்களில். அது 2022இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்ததே அந்தப் பறவைகளால்தான். சுத்தம் செய்த பொட்டலில் மறுவாரமே மனைக்கு விளம்பரப் பலகை நின்றதை இந்தக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கருவை போன இடத்தில் என்ன வரப்போகிறது என்று கேளுங்கள். தண்ணீர் என்றால் நானும் மண்வெட்டியோடு வருகிறேன்.

கேள்வி (தங்கச்சிமடம்): வாசல் வேப்பமரத்தால் பக்கத்து வீட்டாரோடு தினமும் சண்டை. சருகு அவர்கள் வீட்டில் விழுகிறதாம், கரண்டு கம்பியில் உரசுகிறதாம், காக்கா எச்சம் வண்டியில் விழுகிறதாம். என் மாமியாரும் அவர்கள் பக்கம். வெட்டிவிடலாமா என்று எனக்கே சில நாள் தோன்றுகிறது அய்யா.

பதில்: மா, உங்கள் கடிதத்தைத்தான் மூன்று முறை படித்தேன். ஏனென்றால் மரத்தைப் பற்றிப் பொதுமக்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற கேள்விக்கு உண்மையான பதில் இதில் இருக்கிறது. மைக் பிடித்துக் கேட்டால் மரம் வேண்டாம் என்று ஒரு ஆள் சொல்ல மாட்டான். ஆனால் மரம் அடுத்த தெருவில் இருக்க வேண்டும், நிழல் மட்டும் இங்கே விழ வேண்டும். பங்குனியில் சருகு கொட்டுகிறபோது கூட்டுவது யார்? பெரும்பாலும் உங்களைப் போன்ற ஒரு மருமகள். மரத்தை வாழ்த்தி மேடையில் பேசுகிற என்னைப் போன்ற ஆண்கள் விளக்குமாறு எடுத்துப் பார்த்ததில்லை. அதனால் உங்களுக்குத் தோன்றுவதில் தப்பே இல்லை.

இப்போது வேலைக்கு வருவோம். கம்பியில் உரசுகிற கிளையை மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கழிக்கச் சொல்லுங்கள், நீங்களே ஆள் வைத்து ஏற வேண்டாம், உயிருக்கு ஆபத்து. கழிக்கும்போது ஒரு பக்கமாக மொட்டை அடிக்க விடாதீர்கள், காற்றுக் காலத்தில் மறுபக்கப் பாரத்தில் மரம் சாயும். பக்கத்து வீட்டுக்குப் போகிற கிளையையும் அதே நாளில் கொஞ்சம் குறைத்துவிட்டால் பாதிச் சண்டை தீரும். சருகை எரிக்காமல் ஒரு மூலையில் குழி வெட்டிப் போடுங்கள், அடுத்த வருஷம் பக்கத்து வீட்டு ரோஜாத் தொட்டிக்கு ஒரு கூடை உரம் கொடுங்கள். மாமியாருக்கு? சித்திரை அக்கினி வெயிலில் மின்வெட்டு வருகிற மத்தியானம் வரைக்கும் பொறுங்கள். நார்க்கட்டிலைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறார் என்று பாருங்கள்.

கேள்வி (நரிப்பையூர்): வருஷா வருஷம் ஊர்ல பனைவிதை போடுறோம், பேப்பர்ல போட்டோ வருது. அதே வருஷம் நிக்கிற பனையை அறுத்து சூளைக்கு லாரியில ஏத்துறாங்க. இதுல எதை நம்புறது?

பதில்: லாரியை நம்புங்கள். பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள், மாநில மரம் வேறு. ஆனால் நிற்கிற பனையால் உடைமைக்காரருக்கு வருமானம் வந்தால்தான் அது நிற்கும். ஏற ஆள் இல்லை, ஏறுகிறவர் மகனை ஏறவிட மாட்டார், பதநீர் இறக்காத பனை வெறும் கம்பமாகத் தெரிகிறது, சூளைக்காரர் ரொக்கமாக நீட்டுகிறார். இன்று போட்ட விதை பாளை விடுவதற்கு 15, 20 வருஷம் ஆகும். அது அலகுப்பனையா (ஆண்) பருவப்பனையா (பெண்) என்பதே அப்போதுதான் தெரியும்! விதை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த விழாவுக்கு ஆகிற பந்தல் செலவில் ஊருக்கு ஒருவருக்கு ஏறுகிற கருவி வாங்கிக் கொடுத்து, கருப்பட்டியைச் சீனிப்பாகு கலக்காமல் நியாய விலைக்கு எடுக்க ஒரு ஏற்பாடு செய்தால் நிற்கிற பனை தப்பிக்கும்.

கேள்வி (மண்டபம்): கடற்கரை மணல்மேட்டை இடிச்சு சமன் பண்ணி ரிசார்ட் கட்டுறாங்க. அங்க மரமே இல்லையே, வெறும் கொடிதானே, அதுல என்ன நஷ்டம்னு கேக்குறாங்க.

பதில்: அந்தக் கொடிக்கு அடம்பு என்று பேர். அதுவும் ராவணன் மீசைப் புல்லும்தான் மணலைக் கையில் பிடித்து வைத்திருக்கின்றன. கடலோரத்துக்குப் பசுமை என்றால் அதுதான், மரத்தை மட்டும் எண்ணுகிறவர்களுக்குக் கண்ணில் படாது. மேடு மழைத் தண்ணீரை உறிஞ்சி உப்புத் தண்ணீருக்கு மேலே நல்ல தண்ணீராக வைத்திருக்கும். தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டிக் குடிதண்ணீர் எடுத்தது இந்தக் கணக்கில்தான். மேட்டைச் சமன் செய்த இடத்தில் கிணறு சீக்கிரம் கரித்துப்போகும். ரிசார்ட்டுக்கு டேங்கர் வரும், உங்களுக்கு?

கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பில் மணல்மேடும் அலையாத்திக் காடும் மிகக் கடுமையான முதல் பிரிவில் இருக்கின்றன. ஆகவே அது வெறும் கொடி என்று அதிகாரி சொன்னாலும் நீங்கள் தலையாட்ட வேண்டாம். காரங்காட்டில் அலையாத்தியைப் பார்க்கப் படகில் கூட்டிப்போய் ஊர்க்காரர்களுக்கு வருமானம் வருகிறது, வெட்டாமலே. உங்கள் ஊராட்சியில் யாருக்காவது தைரியம் இருந்தால் அங்கே போய் ஒரு நாள் பேசிவிட்டு வரட்டும்.

கேள்வி (ஏர்வாடி): சீக்கிரம் வளருதுன்னு கொனோகார்பஸ் வைக்கலாமா?

பதில்: வேண்டாம். 2025இல் தமிழக அரசே அதை நடத் தடை போட்டுவிட்டது. உப்புக் காற்றுக்குப் பூவரசு, புன்னை, புங்கை இருக்கிறதே.

கேள்வி (தேவிபட்டினம்): சும்மா நாம நாலு பேரு கத்தி என்ன ஆகப்போகுது? எங்கயாவது மக்கள் சொல்லி மரம் நின்னிருக்கா?

பதில்: நின்றிருக்கிறது. பெங்களூருவில் ஒரு இரும்பு மேம்பாலத்துக்காக 812 மரங்கள் போகவிருந்தன. 2016 அக்டோபரில் சனம் கைகோத்துச் சங்கிலியாக நின்றது, 2017 மார்ச்சில் அரசு திட்டத்தையே கைவிட்டது. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலி காட்டுக்காக 2025இல் மாணவர்கள் கிளம்பியபின், ஏப்ரல் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தியது. அதற்குள் ஏராளமாகப் போய்விட்டது, அது வேறு. மும்பை ஆரே காட்டில் 2019இல் மெட்ரோ ரயில் பணிமனைக்காக ராத்திரியோடு ராத்திரியாக ரம்பம் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் தலையிட்டபோது 2,141 மரம் விழுந்து கிடந்தது. அதாவது ஜெயிப்பதும் தோற்பதும் பெரும்பாலும் நாள் கணக்கில்தான் இருக்கிறது. எங்கள் விலக்கு வேம்புக்கு நம்பர் போட்ட நாளில் நான் அந்த வழியாக பஸ்ஸில் போனேன். பார்த்தேன். அடுத்த வாரம் ஆட்சியர் அலுவலகம் போகலாம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் அடிக்கட்டைதான் இருந்தது.

கேள்வி (உச்சிப்புளி): ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, உங்க வீட்டுல எத்தனை மரம் இருக்குண்ணே?

பதில்: ஒரு முருங்கை, ஒரு வேம்பு. பூவரசு ஒன்று இருந்தது, என் அப்பா வைத்தது. அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை எங்கள் தெருவில் கிடையாது. கார் வாங்கியபோது ஷெட் போட இடம் வேண்டும் என்று நானே ஆள் கூப்பிட்டு வெட்டினேன், யாரும் தடுக்கவில்லை. காரை விற்று ஆறு வருஷம் ஆகிறது. ஷெட் அப்படியே நிற்கிறது, அதில் தேங்காய் மட்டையும் பழைய பத்திரிகைக் கட்டும் போட்டு வைத்திருக்கிறோம்.